முதல்நிலைக் கார் பந்தய ஓட்டுநர்கள் கீழ்நிலைத் தொடர்களில் போட்டியிடுதல்

கார் பந்தயத்தின் உச்சநிலைத் தொடரில் முழுநேரமாக ஓட்டும் ஒருவர், அதற்கு அடுத்த நிலையில் உள்ள தொடரிலும் இறங்கிப் போட்டியிடலாமா என்பது அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தய உலகில் நெடுங்காலமாக நடந்துவரும் விவாதம் ஆகும். கீழ்நிலைத் தொடர் இளம் ஓட்டுநர்கள் வளரும் நாற்றங்கால் என்பர் ஒரு சாரார். பெரிய ஓட்டுநர்கள் வந்தால்தான் அந்தத் தொடருக்குக் கூட்டமும் பணமும் வரும் என்பர் மறுசாரார். இந்த விவாதத்தின் விளைவாக 2011 முதல் பல விதிகள் உருவாயின. தமிழ்நாட்டு ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் இதே பந்தய அமைப்பின் மூன்றாம் நிலைத் தொடரில் ஓட்டியதும், இந்தியக் கிரிக்கெட்டில் நட்சத்திர வீரர்கள் ரஞ்சிக் கோப்பையில் ஆட வேண்டும் என்ற விதியும் இதே கேள்வியின் வேறு முகங்கள்.

ஸ்டாக் கார் பந்தயமும் அதன் படிநிலைகளும்

கடையில் விற்கப்படும் சாதாரணக் காரைப் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பந்தயத்தில் ஓட்டியதால் ‘ஸ்டாக் கார்’ என்ற பெயர் வந்தது. இன்று அந்தப் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. வெளித்தோற்றம் சந்தையில் உள்ள காரை ஒத்திருந்தாலும், உள்ளே இருப்பது பந்தயத்திற்கென்றே செய்யப்பட்ட இயந்திரம். பெரும்பாலான பந்தயங்கள் நீள்வட்டத் தடங்களில் நடைபெறும். இடப்புறம் மட்டுமே திரும்பி, நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓட்ட வேண்டியிருக்கும்.

இப்பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1948-இல் தொடங்கப்பட்டது. இதன் தேசிய அளவிலான தொடர்கள் மூன்று.

முதலாவது கப் தொடர். இது 1949 முதல் நடைபெறுகிறது. புகழும் பரிசுப் பணமும் மிகுந்தது. இரண்டாம் நிலைத் தொடர் இன்றைய வடிவில் 1982-இல் தொடங்கியது. ஆதரவு நிறுவனம் மாறும்போதெல்லாம் இதன் பெயரும் மாறும்: 2007 வரை புஷ் தொடர், 2008 முதல் 2014 வரை நேஷன்வைடு தொடர், 2015 முதல் 2025 வரை எக்ஸ்ஃபினிட்டி தொடர். மூன்றாவது டிரக் தொடர். சரக்கு ஏற்றும் சிறிய பிக்கப் வண்டியின் உருவம் கொண்ட பந்தய வாகனங்கள் இதில் ஓடுகின்றன. இது 1995-இல் தொடங்கியது.

மூன்று தொடர்களும் பல வாரங்களில் ஒரே தடத்தில், அடுத்தடுத்த நாட்களில் நடைபெறும். வெள்ளிக்கிழமை டிரக், சனிக்கிழமை இரண்டாம் நிலை, ஞாயிற்றுக்கிழமை கப் என்பது வழக்கமான வரிசை. ஞாயிறன்று ஓட்ட வேண்டிய ஓட்டுநர் சனிக்கிழமையே அங்கு இருப்பார். ஆகவே இன்னொரு வாகனத்தில் ஏறி ஓட்டுவதற்குப் பயணச் செலவோ நேரச் சிக்கலோ அவருக்கு இல்லை. விவாதத்திற்கு வழிவகுத்தது இந்த வசதிதான்.

விவாதம் வளர்ந்த விதம்

பெரிய ஓட்டுநர்கள் கீழே இறங்குவது புதிய வழக்கம் அன்று. 1982-இல் இரண்டாம் நிலைத் தொடரின் முதல் பந்தயத்தில் வென்றவரே அப்போது கப் சாம்பியன் பட்டம் பெற்றிருந்த டேல் எர்ன்ஹார்ட் தான். பின்னர் மார்க் மார்ட்டின் இத்தொடரில் மொத்தம் 49 வெற்றிகள் பெற்றார். ஆனால் அக்காலத்தில் தொடரின் சாம்பியன் பட்டம் பெரும்பாலும் அத்தொடரிலேயே முழுநேரம் ஓட்டுவோருக்குத்தான் கிடைத்தது.

2006 முதல் 2010 வரை நிலைமை தலைகீழானது. கெவின் ஹார்விக், கார்ல் எட்வர்ட்ஸ், கிளின்ட் போயர், கைல் புஷ், பிராட் கெசலௌஸ்கி என, ஐந்து ஆண்டுகளும் கப் தொடரில் முழுநேரம் ஓட்டியவர்களே இரண்டாம் நிலைப் பட்டத்தையும் வென்றனர். 2006-இல் ஹார்விக் 824 புள்ளிகள் முன்னிலையில் பட்டம் பெற்றார். 2010-இல் கைல் புஷ் ஒரே ஆண்டில் 13 பந்தயங்களில் வென்றார். புஷ் தொடரைச் சூறையாட வருபவர்கள் என்ற பொருளில், இத்தகைய ஓட்டுநர்களுக்கு அமெரிக்க ரசிகர்கள் கேலிப்பெயர் ஒன்றையும் சூட்டினர்.

கட்டுப்பாட்டு விதிகள்

2011-இல் நாஸ்கார் முதல் பெரிய விதியைக் கொண்டுவந்தது. ஓர் ஓட்டுநர் மூன்று தொடர்களில் ஏதேனும் ஒன்றில் மட்டுமே சாம்பியன் பட்டத்திற்கான புள்ளிகளைப் பெற முடியும். எதில் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மற்றத் தொடர்களில் அவர் ஓட்டலாம், வெல்லலாம், பரிசுப் பணம் பெறலாம். புள்ளி மட்டும் கிடையாது.

இவ்விதியின் முதல் விளைவு எதிர்பாராத இடத்தில் தெரிந்தது. 2011 பிப்ரவரியில், 20 வயதே ஆன டிரெவர் பெய்ன், கப் தொடரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500-இல் வென்றார். அவர் புள்ளிகளுக்காகத் தேர்ந்திருந்தது இரண்டாம் நிலைத் தொடரை. அதனால் அந்த வெற்றிக்காகக் கப் தொடரில் அவருக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. கீழே இறங்குவோரைக் கட்டுப்படுத்த எழுதிய விதி மேலே ஏறியவரையும் கட்டியது.

பட்டம் இளைஞர்களுக்குத் திரும்பியதே தவிர, வெற்றிகள் திரும்பவில்லை. 2013-இல் கைல் புஷ் 33 பந்தயங்களில் 12-ஐ வென்றார். அதே ஆண்டில் தொடரின் சாம்பியன் ஆன ஆஸ்டின் டில்லன் ஒரு பந்தயத்தில்கூட வெல்லவில்லை. ஆண்டு முழுவதும் தவறாமல் முன்னிடங்களில் முடித்ததால் அவருக்குப் பட்டம் கிடைத்தது. இத்தொடரின் வரலாற்றில் ஒரு வெற்றியும் இல்லாமல் சாம்பியன் ஆன முதல் ஓட்டுநர் அவரே.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஓட்டுநருக்கு ஒரு பட்டம் போலவே கார் உரிமையாளருக்கும் தனியாக ஒரு பட்டம் உண்டு. கப் ஓட்டுநர் வென்றால் அவருக்குப் புள்ளி இல்லை. ஆனால் காருக்குச் சொந்தமான அணிக்குப் புள்ளி உண்டு. ஆகவே அணிகள் பெரிய ஓட்டுநர்களை அமர்த்துவதை நிறுத்தவில்லை. பென்ஸ்கே அணியின் 22-ஆம் எண் கார், பல கப் ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டி, 2013 முதல் 2015 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உரிமையாளர் பட்டத்தை வென்றது.

எனவே அடுத்த கட்டமாகப் பந்தயங்களின் எண்ணிக்கைக்கே வரம்பு விதிக்கப்பட்டது. 2017-இல், கப் தொடரில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள் இரண்டாம் நிலையில் 10, டிரக்கில் 7 பந்தயங்கள் மட்டுமே ஓட்டலாம் என்றும், ஆண்டின் கடைசி எட்டுப் பந்தயங்களில் ஓட்டக் கூடாது என்றும் விதி வந்தது. 2018-இல் அவ்வெண்ணிக்கை முறையே 7, 5 எனக் குறைந்தது. 2020-இல், மூன்று ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கு இரண்டு தொடர்களிலும் தலா 5 என்றானது. கைல் புஷ் மார்ட்டினின் 49 வெற்றிகளைத் தாண்டிச் சென்று, இந்த வரம்புகளுக்கு உள்ளேயே 2021-இல் 100-ஆவது வெற்றியைப் பெற்றார்.

ஆதரவான வாதங்கள்

முதலாவது வருமானம். பெயர் பெற்ற ஓட்டுநர் வந்தால் நுழைவுச்சீட்டு விற்கும். தொலைக்காட்சியில் பார்ப்போர் கூடுவர். விளம்பரம் தரும் நிறுவனங்கள் முன்வரும். ஒரு நட்சத்திரத்தை நம்பி வரும் விளம்பரப் பணம், அதே அணியில் உள்ள இளம் ஓட்டுநரின் காரையும் சேர்த்து ஓடவைக்கும் நேரங்கள் உண்டு.

இரண்டாவது கற்றல். பந்தயத்தில் ஒரு காரின் பின்னால் நூறு சுற்றுகள் ஓடுவது எந்த வகுப்பறையிலும் கிடைக்காத பாடம். எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறார், டயரை எப்படிச் சேமிக்கிறார், தடத்தில் எந்தப் பகுதி பிடிமானம் தருகிறது என்பவற்றை இளையவர் நேரில் பார்த்துக் கற்கலாம்.

மூன்றாவது அளவுகோல். தன் நிலையில் உள்ளவர்களை மட்டுமே வென்றவருக்குத் தன் திறன் எவ்வளவு என்பது தெரியாது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு எரிக் ஜோன்ஸ். 2012 டிசம்பரில் புளோரிடா மாநிலத்தில் நடந்த ஸ்னோபால் டெர்பி என்ற பந்தயம், நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களுக்கும் கீழ்ப்பட்ட களம். அதில் கைல் புஷ்ஷும் ஓட்டினார். 16 வயது ஜோன்ஸ் அவரைப் பின்னுக்குத் தள்ளி வென்றார். தோற்ற கைல் புஷ், அடுத்த ஆண்டே தம் சொந்த டிரக் அணியில் அந்தச் சிறுவனுக்கு இடம் கொடுத்தார். 2015-இல் ஜோன்ஸ் டிரக் தொடரின் சாம்பியன் ஆனார். அன்று கைல் புஷ் அந்தச் சிறிய தடத்திற்கு வராமல் இருந்திருந்தால் ஜோன்ஸின் வெற்றிக்கு அத்தனை எடை இருந்திருக்காது.

கீழ்நிலையில் மிகுதியாக வென்றவர் என்று குறைகூறப்பட்ட அதே கைல் புஷ், அணி உரிமையாளராகப் பல இளைஞர்களை மேலே அனுப்பியவரும் ஆவார். வில்லியம் பைரன், கிறிஸ்டோபர் பெல் ஆகியோரும் அவருடைய டிரக் அணியில் ஓட்டி வளர்ந்தவர்களே.

எதிரான வாதங்கள்

முதல் எதிர்வாதம் இருக்கையைப் பற்றியது. போட்டியிடும் கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அவற்றுள் வெல்லத்தக்க நல்ல கார்கள் மிகச் சிலவே. அந்தச் சில இருக்கைகளில் ஒன்றில் கப் ஓட்டுநர் அமரும் நாளில், அதில் அமர்ந்திருக்க வேண்டிய ஓர் இளைஞர் வீட்டில் இருப்பார் அல்லது பின்தங்கிய அணியின் காரை ஓட்டுவார். வெற்றி இல்லாதவருக்கு விளம்பரதாரர் கிடைப்பதில்லை. விளம்பரதாரர் இல்லாதவருக்கு அடுத்த ஆண்டு கார் கிடைப்பதில்லை.

இரண்டாவது, ஓட்டுநர் தனியாக வருவதில்லை. கப் தொடரில் உள்ள பெரிய அணிகளே இரண்டாம் நிலையிலும் கார்களை இறக்குகின்றன. அவர்களின் எஞ்சின், பொறியாளர்கள், டயர் மாற்றும் குழு, கணினி ஆய்வுக் கருவிகள் எல்லாம் கூடவே வருகின்றன. சிறிய அணியின் இளைஞர் எதிர்கொள்வது அனுபவத்தை மட்டும் அன்று. பெரும் நிறுவனம் ஒன்றின் முழு வலிமையையும் ஆகும்.

மூன்றாவது, பட்டப் போட்டியில் தலையீடு. 2011 நவம்பரில் டெக்சாஸில் நடந்த டிரக் பந்தயத்தில், பட்டத்திற்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ரான் ஹார்னடேயின் வண்டியைக் கைல் புஷ் வேண்டுமென்றே இடித்துச் சுவரில் மோதவைத்தார். எச்சரிக்கைக் கொடி காட்டப்பட்டு வண்டிகள் மெதுவாகச் செல்ல வேண்டிய நேரத்தில் இது நடந்தது. அந்த வாரம் எஞ்சியிருந்த இரண்டாம் நிலை, கப் பந்தயங்களில் ஓட்ட அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. டிரக் பட்டம் கைல் புஷ்ஷுக்குத் தேவையே இல்லை. ஹார்னடேக்கோ அது ஓராண்டு உழைப்பு. அந்தத் தொடரில் இழப்பதற்கு எதுவும் இல்லாதவர் களத்தில் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்நிகழ்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

நான்காவது, முதல்நிலை ஓட்டுநருக்கே உள்ள ஆபத்து. 2015 பிப்ரவரியில் டேடோனாவில் நடந்த இரண்டாம் நிலைப் பந்தயத்தில் கைல் புஷ்ஷின் கார் பாதுகாப்புத் தடுப்பு இல்லாத கான்கிரீட் சுவரில் மோதியது. வலது காலும் இடது பாதமும் முறிந்தன. மறுநாள் நடந்த டேடோனா 500 உட்பட 11 கப் பந்தயங்களை அவர் இழந்தார். ஆயினும் சிறப்பு அனுமதியுடன் களத்திற்குத் திரும்பி, அதே ஆண்டின் கப் சாம்பியன் பட்டத்தை வென்றார்.

நரேன் கார்த்திகேயன்: மேலிருந்து வந்த புதியவர்

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள தடத்தில் ஃபார்முலா மாருதி கார்களை ஓட்டத் தொடங்கி, 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர். அவ்வாண்டு இண்டியானாபொலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீயில் நான்காம் இடம் பெற்றார். டயர்ச் சிக்கலால் பல அணிகள் விலகி, ஆறு கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம் அது.

அவர் 2010 மார்ச் மாதம் நாஸ்காரின் டிரக் தொடரில் இறங்கினார். வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் தம் முதல் பந்தயத்தில் 13-ஆம் இடம் பெற்றார். நாஸ்காரின் தேசியத் தொடரில் ஓட்டிய முதல் இந்தியரும் அவரே. அந்த ஆண்டு டிரக் தொடரில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் அவருக்குக் கிடைத்தது.

உலகின் உச்சப் பந்தயத்தில் ஓட்டியவர் ஒரு நாட்டின் மூன்றாம் நிலைத் தொடருக்கு வந்தது நியாயமா என்று யாரும் கேட்கவில்லை. காரணம் எளிது. ஃபார்முலா 1 கார் அக்காலத்தில் ஏறக்குறைய 600 கிலோ எடை. டிரக்கோ 1,500 கிலோவுக்கு மேல். தடம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத நீள்வட்டம். வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடும் முறையும் அவருக்குப் புதிது. அவர் அங்கே ஆசான் அல்லர், மாணவர். 2011-இல் ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் கிமி ராய்க்கோனன் சார்லட் தடத்தில் இதே தொடரில் ஓட்டியபோதும் 15-ஆம் இடமே பெற்றார். ‘மேல்நிலை’ என்பது புகழையும் சம்பளத்தையும் மட்டும் பொறுத்ததன்று. அந்த வாகனத்தில், அந்தத் தடத்தில் உள்ள பழக்கத்தைப் பொறுத்தது.

கிரிக்கெட்டுடன் ஒப்பீடு

கார் பந்தயத்தில் பெரியவர்களை ‘வராதீர்கள்’ என்று விதி தடுக்கிறது. இந்தியக் கிரிக்கெட்டில் அதே விதி ‘வந்தே ஆக வேண்டும்’ என்கிறது. 2025 ஜனவரியில் இந்தியக் கிரிக்கெட் வாரியம், தேசிய அணி வீரர்கள் உள்நாட்டுப் போட்டிகளில் ஆடுவதைக் கட்டாயமாக்கியது.

அம்மாதமே ரோகித் சர்மா மும்பை அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் ஆடினார். நட்சத்திரங்கள் நிறைந்த அந்த மும்பை அணியை ஜம்மு-காஷ்மீர் அணி ஐந்து விக்கெட் வேறுபாட்டில் வென்றது. மாத இறுதியில் விராட் கோலி 12 ஆண்டுகளுக்குப் பிறகு தில்லி அணிக்காக ஆட வந்தார். பொதுவாக வெறிச்சோடிக் கிடக்கும் ரஞ்சிப் போட்டிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கோலி 6 ஓட்டங்களில் ரயில்வே அணியின் ஹிமான்ஷு சங்வானிடம் ஆட்டமிழந்தார். சங்வானின் பெயர் அன்று மாலைக்குள் நாடெங்கும் தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டில், இந்திய டெஸ்ட் அணியில் ஆடிக்கொண்டிருந்த ரவிச்சந்திரன் அஸ்வின் 2024-இல் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்குத் தலைமை ஏற்றுத் தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையை வென்றார்.

இரண்டு விளையாட்டுகளிலும் விதிகள் எதிரெதிராக இருப்பதற்குக் காரணம் உண்டு. கிரிக்கெட்டில் கோலி தம் மட்டையை மட்டுமே கொண்டுவருகிறார். ஆடுகளம், பந்து, விதி அனைத்தும் இரு அணிக்கும் ஒன்றே. நல்ல பந்து ஒன்று போதும், அவரும் வெளியேற வேண்டும். கார் பந்தயத்தில் நட்சத்திரத்துடன் சிறந்த இயந்திரமும் வருகிறது. ஆயினும் ஒரு சிக்கல் இரண்டுக்கும் பொது: 11 பேர் அணியில் ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே உட்கார வேண்டும்.

மாட்டுவண்டிப் பந்தயத்துடன் ஒப்பீடு

விருதுநகர், தூத்துக்குடி, இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி நடைபெறும் மாட்டுவண்டிப் பந்தயங்களில் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு நெடுநாளாக உண்டு. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என மாடுகளைப் பிரித்துத் தனித்தனியே ஓட விடுவர். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓட வேண்டிய தூரமும் பரிசும் வேறு. பெரிய மாட்டைப் பூஞ்சிட்டுப் பிரிவில் பூட்ட முடியாது. இங்கே பிரிவு வகுக்கப்படுவது வண்டியை இழுக்கும் வலிமையை வைத்துத்தான். கயிற்றைப் பிடிக்கும் சாரதியின் புகழை வைத்து அன்று. பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுப் பிரிவுகள் இருப்பதும் இதே நோக்கில்தான்.

நாஸ்கார் தன் விதிகளில் சாரதியை எண்ணுகிறது, மாட்டை எண்ணுவதில்லை. கப் அணியின் வலிமையுடன் வரும் காரில் ஓர் இளைஞர் அமர்ந்தால் எந்த வரம்பும் இல்லை. சிறிய அணியின் பழைய காரில் அனுபவசாலி அமர்ந்தால் வரம்பு உண்டு. இந்த வேறுபாடு விதியின் பெருங்குறையாகும்.

நீண்டநேரக் கார் பந்தயங்களில் வேறொரு முறை வழக்கில் உள்ளது. அவற்றில் ஒரே காரைப் பலர் மாறி மாறி ஓட்டுவர். பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பு ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் எனத் தரம் பிரித்துள்ளது. ஒரு காரில் எந்தத் தரத்தினர் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை அந்தந்தத் தொடரின் விதி சொல்லும். தொழில்முறை ஓட்டுநரும் ஆர்வலரும் எதிரெதிராக மோதாமல் ஒரே அணியில் சேர்ந்து ஓடுகின்றனர். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற நடிகர் அஜித் குமாரின் அணி, இவ்வகைப் பந்தயத்தைத் தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தியது.

மதிப்பீடு

மேற்கண்ட நிகழ்வுகளை ஒருசேரப் பார்த்தால், ‘வரலாமா, கூடாதா’ என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை என்பது விளங்கும். எரிக் ஜோன்ஸுக்கு ஒரு நட்சத்திரத்தின் வருகை வாழ்வு தந்தது. ரான் ஹார்னடேயிடமிருந்து அதே நட்சத்திரத்தின் வருகை பட்டத்திற்கான வாய்ப்பைப் பறித்தது. இரண்டு பந்தயங்களிலும் இருந்தவர் ஒருவரே, சூழல்தான் வேறு. ஜோன்ஸ் ஓட்டியது தனியொரு பந்தயம். அதில் ஆண்டுப் பட்டம் எதுவும் பணயமாக இல்லை. ஹார்னடே ஓட்டியது பட்டத்தை முடிவு செய்யும் கடைசிக் கட்டம்.

எனவே நான்கு செய்திகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது: வருபவர் தொடரின் பட்டத்திற்குப் போட்டியிடுகிறாரா, எத்தனை முறை வருகிறார், பட்டம் முடிவாகும் பந்தயங்களில் விலகி நிற்கிறாரா, அவர் ஓட்டும் வாகனம் மற்றவர்களுடையதற்கு நிகரானதா. முதல் மூன்றுக்கும் 2011 முதல் 2020 வரை வந்த விதிகள் ஓரளவு விடை தந்துள்ளன. நான்காவதற்கு இன்னும் முழுமையான விடை இல்லை. ஓட்டுநரின் அனுபவத்தை ஆண்டுக் கணக்கில் எண்ணிவிடலாம். ஆனால் ஓர் அணியின் பணபலத்தை அளப்பதும் வரம்புக்குள் வைப்பதும் அவ்வளவு எளிதல்ல. சிறிய அணியின் காரில் அமர்ந்திருக்கும் இளம் ஓட்டுநருக்கோ அந்த நான்காவது கேள்விதான் முதன்மையானது.